மலையில் மீன் சமைக்க எது தோது: வறுவலா, குழம்பா, இலைப் பொதியா, புட்டா?

கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. வீட்டில் கோழி உண்டு, ஆட்டுக்கறி உண்டு, மீன் மட்டும் எப்போதாவது கோயம்புத்தூர் போனால் ஓட்டலில் சாப்பிட்டதோடு சரி. இப்போது டாக்டர் சொன்னார் என்றோ பிள்ளை கேட்கிறது என்றோ வீட்டிலேயே சமைத்துப் பார்க்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிப்பது? ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. கொடைக்கானலிலும் இதே கதைதான். கடற்கரை ஊர்க்காரர்களைக் கேட்டால் "குழம்பு வைங்க, அதுதான் சுலபம்" என்பார்கள். அவர்களுக்குச் சுலபம். பேசிக்கொண்டே முள்ளை நாக்காலேயே பிரித்து ஓரமாகத் தள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நான் சொல்வது வேறு. எப்படிச் செய்வது என்று தேடுவதற்கு முன்னால் என்ன மீன் கிடைத்திருக்கிறது, அது மலையேறி வர எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். மீதியை முள்ளும் வாடையும் முடிவு செய்யும். மசாலா கடைசியில்தான்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில் வாடை, ஏனென்றால் மீன் பழகாதவர்கள் தட்டைத் தள்ளிவைப்பது பெரும்பாலும் இதனால்தான். கடல் மீனின் வாடையும் ஏரி, அணை மீனின் வாடையும் வேறு வேறு. கடல் மீனின் சதையில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருளை, மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைனாக மாற்றும். நாளாக நாளாக ஏறும் 'மீன் வாடை' அதுதான். புளியும் எலுமிச்சையும் அந்த அமைனைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் வாடை மேலெழும்பாது. ஏரி மீனில் அந்தச் சிக்கல் குறைவு. அங்கே சேற்று வாடை. தண்ணீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் தங்குவதால் வருவது. தோலை உரித்து, கருஞ்சதையை நீக்கினால் பாதி போய்விடும், மீதிக்குப் புளிப்பு இருக்கிறது.

இன்னொரு வாடையை மலைக்காரர்கள் மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சமைத்து முடித்த பிறகு வீட்டில் தங்குகிற வாடை. சமவெளியில் ஜன்னல் திறந்தே கிடக்கும், விசிறி ஓடும். இங்கே மூடுபனிக் காலத்தில் எல்லாவற்றையும் சாத்திவைத்துக்கொண்டு வறுத்தால் ஸ்வெட்டரிலும் கம்பளியிலும் ஏறிவிடும், வெயில் இல்லாத வாரத்தில் அதைத் துவைத்துக் காயவைப்பது யார்?

அடுத்தது முள். கட்லா, ரோகு, கெண்டை மூன்றுக்கும் சதைக்குள்ளேயே கவை போல் பிரிந்த நுண்முள் உண்டு, பழகாதவர்களுக்கு இவை ஆகாது. பெரிய வஞ்சிரத் துண்டில் நடுமுள்ளோடு முடிந்தது. ஜிலேபி மீனில் சதைக்குள் நுண்முள் கிடையாது. பாசா துண்டுகள் முள் நீக்கியே வருகின்றன. சுறாவுக்குக் கடினமான எலும்பே இல்லை, குருத்தெலும்புதான். மத்தி, நெத்திலி ருசியில் ராஜா, ஆனால் முதல் மாதத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது, மீனின் வயது. ஊட்டிக்கு வரும் கடல் மீன் பெரும்பாலும் ராமேஸ்வரம், தூத்துக்குடி, கேரளக் கரைகளிலிருந்து கோயம்புத்தூர் உக்கடம் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வருகிறது. வலையில் விழுந்ததிலிருந்து உங்கள் கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால் ஆச்சரியமில்லை. ஐஸ் விடாமல் இருந்தால் தப்பில்லை. ஐஸ் விட்டுப்போன அயிலை, மத்தி, சூரை போன்றவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும், முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி என்று படுத்தும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. குழம்பில் புளி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வாடைக்குச் செல்லும், கெட்ட மீனுக்குச் செல்லாது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள், நாடுகாணி மலைப்பாதை வழியாகக் கோழிக்கோட்டுப் பக்கத்து மீன் சீக்கிரமே வந்துவிடும்.

நான்காவது, கைப்பிசகைப் பொறுக்குமா என்பது. ஆட்டுக்கறி பழகிய கை மீனையும் அரை மணி நேரம் வேகவிடும். அதைவிட மலை வீடுகளில் இன்னொரு பழக்கம், எல்லாவற்றுக்கும் குக்கர். காரணம் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் சாமானியத்தில் வேகாது. ஆனால் மீன் சதை 60 டிகிரியைத் தாண்டினாலே வெந்துவிடுகிற ஜாதி. அதற்கு 92 டிகிரி தாராளம். குக்கரில் ஒரு விசில் விட்டால் துண்டு எது, மசாலா எது என்று தேட வேண்டியதுதான்.

கடைசியாக, வீட்டில் மற்றவர்கள். பாட்டி சாப்பிட மாட்டார், வெள்ளிக்கிழமை ஆகாது, அமாவாசை ஆகாது, தோசைக்கல்லைத் தொடாதே. இதையும் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

## தோசைக்கல் வறுவல்

அரை அங்குலக் கனத்தில் துண்டு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் அரிசி மாவு. அரை மணி நேரம் ஊறினால் போதும். எலுமிச்சையில் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் சதை விறைத்துவிடும். மிதமான தீயில் ஒரு பக்கம் நான்கு நிமிடம், திருப்பிப்போட்டு மூன்று. அவ்வளவுதான் வேலை.

ஒட்டிக்கொள்கிறதே என்பதுதான் எல்லோருடைய புகாரும். துண்டில் ஈரம் இருக்கிறது, கல் காயவில்லை, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு போட்டிருக்கிறீர்கள். மலையில் சமையலறையே குளிராக இருப்பதால் கல் சூடேறக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். அப்புறம், போட்ட துண்டை நோண்டாதீர்கள், மொறுமொறுப்பு ஏறியதும் அதுவாகவே கல்லை விட்டுவிடும். எண்ணெய்க்குக் கடலை எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய்தான் வேண்டுமென்றால் மார்கழியில் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிறுத்திவைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பழகாதவருக்கு வறுவலின் பெரிய பலம், எதைச் சாப்பிடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுக்கலாம். காரமும் மொறுமொறுப்பும் தெரிந்த ருசி, கோழி வறுவல் சாப்பிட்ட நாக்கு உடனே ஒத்துக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. வீட்டில் தங்கும் வாடை இதில்தான் அதிகம். பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, கம்பளி உடுப்புகளை வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது, தனிக் கல். இரும்புக் கல்லில் மீன் வறுத்தால் மறுநாள் தோசை சொல்லிவிடும், அதனால் பழைய கல் ஒன்றை மீனுக்கென்று ஒதுக்கிவிடுவதே மேல். மூன்றாவது மீனின் விலை: வறுவலுக்குத் தோதான வஞ்சிரம்தான் கடையிலேயே விலை கூடியது. ஜிலேபியிலும் சங்கராவிலும் இதே வறுவல் நன்றாக வரும், முழு மீனாக வாங்கிக் கீறிவிட்டு வறுக்கலாம், ஆனால் தலை, குடல், செதில் போகும் எடையையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மிஞ்சுகிற எண்ணெயை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு வாடை குறையும், மெல்லிய துண்டு வறண்டுபோகும், சரிக்குச் சரி.

## குழம்பு

சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளிக்கரைசல், மிளகாய், மல்லித்தூள், நல்லெண்ணெய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம், அதற்குள் நான் போகவில்லை. மலையில் மாறுவது நேரம் மட்டும். கொதிநிலை குறைவாக இருப்பதால் புளியின் பச்சை வாசனை போக ஊட்டியில் கூடுதல் நேரம் ஆகும். அதுவரை மீன் சட்டிக்குள் போகவே கூடாது. குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து, இனி இறக்கலாம் என்ற நிலைக்கு வந்த பிறகு மீனைப் போட்டு ஏழெட்டு நிமிடம், கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி இறக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் மீனையும் புளியையும் சேர்த்தே கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போவதற்குள் மீனைக் கரைத்துவிடுகிறார்கள்.

இரண்டு நாள் ஐஸில் இருந்த, கெட்டுப்போகாத ஆனால் புதிதும் அல்லாத மீனுக்குக் குழம்பைப் போல எதுவும் இல்லை. புளி வாடையை அடக்குகிறது, மசாலா மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பவானிசாகர் கட்லா மாதிரி அணை மீனுக்கும் இதுதான் கதி, சேற்று வாடைக்குப் புளி மருந்து. கட்லா வாங்கினால் வயிற்றுப் பகுதித் துண்டாகக் கேளுங்கள், அங்கே தடிமனான விலா முள்தான் அதிகம், கைக்குத் தட்டுப்படும். வால் பக்கம் நுண்முள் நிறைய. 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டையின் வம்சம் எங்காவது கிடைத்தாலும் இதே கணக்குத்தான்.

ஆனால் பழகாதவர்களுக்கு முதல் சாப்பாடாகக் குழம்பு வேண்டாம் என்பேன். முள் குழம்புக்குள் ஒளிந்துகொள்ளும். சோற்றோடு பிசைந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஒருமுறை தொண்டையில் குத்திவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் வரை மீன் பக்கம் தலைவைத்துப் படுக்காது. (குத்தினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வது பழைய வைத்தியம். முள் இன்னும் ஆழமாக இறங்கவும் அது வழி செய்துவிடும், வலி நின்றபாடில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.)

செலவு என்று பார்த்தால் கேஸ் இதில்தான் அதிகம் எரியும். மண்சட்டி வாங்கினால் அது மீனுக்கு மட்டும்தான், வேறு எதற்கும் ஆகாது. ஆதாயமும் உண்டு: கால் கிலோ மீன் கூட நான்கு பேருக்குக் குழம்பாகிவிடும், மறுநாள் சூடாக்கினால் ருசி இன்னும் ஏறும். வறுவல் மறுநாள் வெறும் ரப்பர்.

## இலைப் பொதி

மற்ற மூன்றையும் விட இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் மலைக்கு இது பொருந்துகிற அளவுக்கு யாரும் செய்வதில்லை.

வாழையிலையைத் தீயில் வாட்டிக்கொள்ள வேண்டும், வாட்டாமல் மடித்தால் கிழியும். வதக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சைப் பிழியல், இதை மீனின் அடியிலும் மேலேயும் பரப்பி, பொட்டலமாக மடித்து நாரால் கட்டி, இட்லிப் பானையில் ஆவியில் வைக்கலாம். துண்டு மீனுக்குப் பன்னிரண்டு நிமிடம், கால் கிலோ முழு மீனுக்கு இருபது. ஆவியும் இங்கே நூறு டிகிரி கிடையாது, அதனால் சமவெளி ரெசிபி சொல்லும் நேரத்தோடு இரண்டு மூன்று நிமிடம் கூட்டினால் போதும். பிரித்துப் பார்த்து, கனமான இடத்தில் சதை கண்ணாடி போல் இல்லாமல் வெள்ளையாகி அடுக்கடுக்காகப் பிரிந்தால் வெந்துவிட்டது. ஆவிக்குப் பதிலாகத் தோசைக்கல்லில் பொட்டலத்தை வைத்து மூடிப்போட்டுச் சுடலாம், கூடலூர்ப் பக்கம் மலையாள வீடுகளில் பொள்ளிச்சது என்று செய்வது இந்த வகைதான், அதில் இலை கருகும் வாசனை மீனில் ஏறுவது தனி ருசி.

வாடை பொட்டலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டே செய்யலாம், ஸ்வெட்டர் பத்திரம். கல்லும் கெடாது, இலையைத் தூக்கிப் போட்டால் பாத்திரம் கழுவும் வேலையும் குறைவு. ஐந்து நிமிடம் கூடிப்போனாலும் உள்ளே ஈரம் இருப்பதால் வறண்டுபோகாது. எண்ணெயும் ஒரு ஸ்பூன்தான், டாக்டர் சொல்லி மீன் தேடுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

குறை என்னவென்றால், இது மீனை மறைக்காது. காரமும் மொறுமொறுப்பும் புளியும் மூடிவிடாததால் மீன் பழசாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் இது புது மீனுக்கும், நன்றாக உறையவைத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நிதானமாக உருகவிட்ட மீனுக்கும் மட்டும். இலையும் இங்கே கொல்லையில் வளர்வதில்லை, காசு கொடுத்து வாங்க வேண்டும், ஊட்டிக் குளிரில் வாழை எங்கே. அலுமினியத் தாளில் மடிக்கிறவர்கள் எலுமிச்சையும் புளியும் அதை அரிக்கும் என்பதை நினைவில் வைத்து உள்ளே ஒரு துண்டு இலையாவது வையுங்கள்.

டிரவுட் மீன் கிடைத்தால் மறுபேச்சில்லாமல் இதுதான். 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கிய நாளிலிருந்து இந்த மீன் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் இருக்கிறது, ஆனாலும் நம் வீட்டு அடுப்புக்கு அது வந்து சேர்வது அபூர்வம். வெந்த பிறகு நடுமுள்ளை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் கூடவே பெரும்பாலான முள்ளும் வந்துவிடும். அதைக் கொண்டுபோய்ப் புளிக்குழம்பில் போடுகிறவர்களை என்ன சொல்ல.

## புட்டும் கட்லெட்டும்

மஞ்சளும் உப்பும் போட்டு மீனை வேகவைத்து, ஆறியதும் கையால் உதிர்த்து, முள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்கித் தேங்காய்த்துருவல் போட்டால் புட்டு. சுறாப் புட்டுதான் பேர்போனது, ஆனால் பாசா, ஜிலேபி, மிஞ்சிப்போன வஞ்சிரத் துண்டு எதிலும் செய்யலாம். கட்லாவில் மட்டும் முயலாதீர்கள், நுண்முள் பொறுக்கியே பொழுது போகும்.

முள்ளுக்குப் பயப்படுகிற வீட்டுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதுதான் முதல் தேர்வு. மீன் உருவத்திலேயே இருக்காது என்பதும் சிலருக்கு வசதி. உதிர்த்ததோடு வேகவைத்த ஊட்டி உருளைக்கிழங்கைப் பிசைந்து ரஸ்க்தூளில் புரட்டி வறுத்தால் கட்லெட், பேக்கரி கட்லெட் தின்று வளர்ந்த குன்னூர்ப் பிள்ளை எதுவும் கேட்காமல் தின்றுவிடும்.

செலவு உங்கள் நேரம். முள் பொறுக்குவது அவசரத்தில் ஆகிற வேலை இல்லை, வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலால் தடவித்தான் எடுக்க வேண்டும். கட்லெட்டில் எண்ணெயும் ஏறும்.

## ஒரே பார்வையில்

| | வறுவல் | குழம்பு | இலைப் பொதி | புட்டு |
|---|---|---|---|---|
| வீட்டில் தங்கும் வாடை | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம் |
| முள் பயம் | பார்த்து எடுக்கலாம் | அதிகம் | பார்த்து எடுக்கலாம் | பொறுக்கினால் இல்லை |
| ஐஸில் இரண்டு நாள் இருந்த மீன் | பரவாயில்லை | நல்லது | வேண்டாம் | பரவாயில்லை |
| நேரம் கூடிப்போனால் | வறண்டுவிடும் | கரைந்துவிடும் | தாங்கும் | தாங்கும் |
| தோதான மீன் | வஞ்சிரம், ஜிலேபி, சங்கரா | கட்லா, பாறை, சங்கரா | டிரவுட், ஜிலேபி, பாசா | சுறா, பாசா, ஜிலேபி |
| மறைந்திருக்கும் செலவு | தனிக் கல், துணி வாடை | கேஸ், தனிச் சட்டி | இலை, புது மீனின் விலை | நேரம் |

## அப்படியானால் யாருக்கு எது

முதல்முறை சமைக்கிறீர்கள், வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, வெயில் அடிக்கிறது என்றால் வறுவல், அதுவும் நல்ல வஞ்சிரத் துண்டு நான்கு. கொஞ்சமாக வாங்குங்கள். மழை நாள், சாத்திய ஜன்னல், பக்கத்து அறையில் சைவப் பாட்டி என்றால் இலைப் பொதி, மீன் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். மீன் எப்போது வந்தது என்று கடைக்காரர் மழுப்பினால் முதலில் வாங்கவே யோசியுங்கள், செவுள் சிவப்பாக இருந்து, அழுத்தினால் சதை மேலெழும்பி வந்து, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குழம்பு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாப்பிடப் போகிறது என்றால் மறுயோசனை இல்லாமல் புட்டு.

மாதமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அது முடியும்போது கேரளத்தில் டிராலர் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். மலையில் சீசன் கூட்டம் ஏறுகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் கடல் மீனுக்கும் தட்டுப்பாடு வருகிறது, விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் அணை ஜிலேபியும் உறைந்த பாசாவும்தான் புத்திசாலித்தனம், அதாவது இலைப் பொதியும் புட்டும். புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சியை நிறுத்திவிடுவதால் மீன் விலை இறங்கும், விரதம் இல்லாத வீட்டுக்கு வஞ்சிரம் வறுக்க நல்ல மாதம்.

## வாங்கும்போதும் கழுவும்போதும்

நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கி பஸ்ஸில் ஏறுவதாக இருந்தால் அந்த மூடிதான் உங்கள் மானத்தைக் காப்பாற்றும். தூக்குக்குள் ஐஸ் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மலைக்காற்று குளிர்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

வெட்டிச் சுத்தம் செய்வதைக் கடையிலேயே முடித்துவிடுங்கள், கழிவை அவர்களிடமே விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்த கழிவைக் குப்பை வண்டி வரும் நாள் வரை மூடிய டப்பாவில், முடிந்தால் ஃப்ரீஸரில், வையுங்கள். எண்ணெய் வாசனைக்கும் சாப்பாட்டு வாசனைக்கும் கரடி வீட்டுக்கதவை உடைக்க வருவது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதுச் செய்தி இல்லை, காட்டுப்பன்றிக்கோ அழைப்பே வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவது சமவெளியில் நல்ல பழக்கம்தான்; எஸ்டேட் ஓரத்து வீட்டில் அதைச் செய்தால் காலையில் செடி இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும், அதனால் சாக்கடையில் ஊற்றி மேலே இரண்டு குவளை சுடுதண்ணீர் விட்டுவிடுங்கள்.